விரலிடுக்கு வரைக்கும்

(புனித வியாழன், ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலி. நற்செய்தி: யோவான் 13:1-15)



இன்னும் சற்று நேரத்தில் பன்னிரண்டு பேர் பீடத்துக்கு முன்னால் வந்து உட்காரப் போகிறார்கள். எல்லாரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டித்தான் வந்திருக்கிறார்கள். கோயிலுக்குச் சுத்தமாக வரவேண்டும் என்ற நல்லெண்ணம் அது. ஆனால் எருசலேமின் மாடியறையில் ஆண்டவர் கையில் எடுத்த கால்கள் அப்படி இருந்திருக்க முடியாது. மண் தெருவில் திறந்த செருப்போடு நடந்து வந்த கால்கள் அவை. குதிகால் வெடித்திருக்கும். நகக்கண்ணில் அழுக்கு ஏறியிருக்கும். விரலிடுக்கில் வியர்வையும் புழுதியும் சேர்ந்து ஊறியிருக்கும். அடிமை செய்ய வேண்டிய வேலை என்று மற்றவர்கள் ஒதுங்கியிருந்த இடத்தில், அவர் மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார்.

இந்த நற்செய்தியை ஆண்டுதோறும் தாழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகக் கேட்டுப் பழகிவிட்டோம். இன்று நான் அந்தக் காலைப் பற்றியே பேச விரும்புகிறேன். தோலும் முடியும் நகமும் உள்ள காலைப் பற்றி. காவிரிப் பாசனத்தில் சேற்றில் இறங்கி வாழ்கிற நம் மக்களுக்குக் கால் கழுவுவது உயிரைக் காக்கிற வேலை. ஆண்டவர் கழுவச் சொன்னபோது உண்மையாகவே தண்ணீரை ஊற்றிக் கழுவத்தான் சொன்னார் என்று நான் நம்புகிறேன்.

தோல் நம் உடம்பின் மிகப் பெரிய உறுப்பு. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்து அளந்தால் ஒன்றரை முதல் 2 சதுர மீட்டர் வரை வரும். மேல்தோலின் அடியில் பிறக்கிற செல்கள் மெல்ல மெல்ல மேலே தள்ளப்பட்டு, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வெளிப்புறத்தை எட்டுகின்றன. அங்கே வந்து சேரும்போது அவற்றில் உயிர் இருப்பதில்லை. கெராட்டின் என்ற புரதம் நிரம்பி, தட்டையாகி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. கிருமி வந்து முதலில் மோதுவது அந்தப் படலத்தில்தான். உயிரைக் கொடுத்துவிட்ட செல்கள் எல்லையில் நின்று உயிருள்ள உடம்பைக் காக்கின்றன. தன் உடலைப் பிறருக்காகக் கையளித்தவரின் இரவு இது. இதை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

முடியும் நகமும் அதே கெராட்டினால் ஆனவை. வெட்டினால் வலிப்பதில்லை, வெட்டியதைப் பெருக்கித் தள்ளிவிடுகிறோம். அப்படித் தள்ளுகிற இவை செய்கிற காவலைப் பாருங்கள். களத்து வெயிலில் நெற்றியிலிருந்து வழிகிற வியர்வையைக் கண்ணில் இறங்கவிடாமல் புருவம் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. கண்ணிமையின் முடியில் தூசி பட்டதும் இமை தானாக மூடிக்கொள்கிறது. கைகாலில் உள்ள மெல்லிய முடி ஒவ்வொன்றின் வேரையும் நரம்பு நுனிகள் சுற்றியிருக்கின்றன; இருட்டில் பூச்சி ஊர்ந்தால் நமக்குத் தெரிவது அதனால். நகம் பின்னாலிருந்து தாங்குவதால்தான் விரல் நுனிச் சதையால் ஒரு நெல்மணியைப் பொறுக்க முடிகிறது. கால் நகமோ மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடவே வளரும். கட்டைவிரல் நகம் ஒன்று கழன்று விழுந்தால், முழுசாக முளைத்து வர ஓராண்டுக்கு மேல் ஆகும்.

உள்ளங்கால் மட்டும் தனி. உடம்பின் மற்ற இடங்களில் முடியின் வேரை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த எண்ணெய் தோலைப் பதமாக வைத்திருக்கிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் முடியும் கிடையாது, எண்ணெய்ச் சுரப்பியும் கிடையாது. பித்தவெடிப்பு குதிகாலில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். தனக்கென்று எண்ணெய் இல்லாத பாதத்துக்கு, வெளியிலிருந்து யாராவது எண்ணெய் தடவ வேண்டியிருக்கிறது. மூன்று நாளைக்கு முன்னால், திங்கட்கிழமைத் திருப்பலியில் பெத்தானியா வீட்டு நற்செய்தியைக் கேட்டோம். மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவரின் காலடிகளில் பூசித் தன் கூந்தலால் துடைத்தாள். வீண்செலவு என்றான் யூதாசு. அந்த வாரம் முழுவதும் எத்தனையோ பேர் இயேசுவோடு பேசினார்கள், அவரிடம் கேள்வி கேட்டார்கள். அவருடைய பாதம் வறண்டிருக்கிறது என்று கவனித்தவள் அவள் ஒருத்திதான். சில நாள் கழித்து அவரும் சீடர்களின் பாதத்தைக் கையில் எடுக்கிறார். மரியாவிடமிருந்து தொட்டு வந்த செயல் அது என்று எண்ணுவதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

இனித் தோலுக்கு உள்ளே போவோம்.

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால், ஓரிரு நாளில் தொடையிடுக்கில் நெறி கட்டும். வீட்டுப் பெரியவர்கள் அதைத் தொட்டுப் பார்த்ததுமே, காலில் எங்கேயோ புண் இருக்கிறது, தேடு என்பார்கள். சரியான சொல். அதன் காரணம் தோலுக்குள் இருக்கிறது. 1868-ல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் என்ற இளைஞர், மேல்தோலுக்குள் கிளை கிளையாக நீண்டிருக்கும் செல்களைக் கண்டார். நரம்பு செல்கள் என்று நினைத்தார். அவை காவல் செல்கள் என்று உறுதியாகத் தெரிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. தோலில் கிருமி நுழைந்ததும், இந்தச் செல்கள் அந்தக் கிருமியின் ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு தம் இடத்தை விட்டுக் கிளம்புகின்றன. நிணநீர்க் குழாய் வழியே பயணம் செய்து, நிணநீர் முடிச்சுக்குப் போய்ச் சேர்ந்து, வந்திருப்பது யார் என்று காட்டுகின்றன. அதைப் பார்த்த பிறகு அங்கே இருக்கிற வெள்ளணுக்கள் பெருகி எதிர்க்கக் கிளம்புகின்றன. அப்படிப் பெருகும்போது முடிச்சு வீங்கி வலிக்கிறது. அதுதான் நாம் சொல்கிற நெறி. கழுத்து, அக்குள், வயிறு, தொடையிடுக்கு என்று உடம்பு முழுவதும் இப்படி ஏறத்தாழ 600 முடிச்சுகள் உண்டு.

ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் உடன் துன்புறுவதைப் பற்றிப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். கால் விரலின் புண்ணுக்காகத் தொடையிடுக்கு வீங்குகிறது, உடம்பு முழுதும் காய்கிறது. விரலின் சங்கதி விரலோடு போகட்டும் என்று நம் உடம்பு ஒருநாளும் விடுவதில்லை.

நிணநீர் ஓட்டத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரத்தத்துக்கு இதயம் இருக்கிறது; தள்ளி விடுகிறது. நிணநீருக்கு அப்படி ஓர் இதயம் இல்லை. ரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசிகிற நீரில் திரும்பிப் போகாமல் மிஞ்சுவது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டர். அத்தனையையும் இந்த மெல்லிய குழாய்கள் திரட்டி எடுத்து, முடிச்சுகளின் வழியாக வடிகட்டி, கழுத்தெலும்புக்கு அடியில் மறுபடியும் ரத்தத்தில் சேர்க்கின்றன. காலிலிருந்து அவ்வளவு உயரம் ஏறுவதற்குக் குழாய்ச் சுவர் தானே சுருங்கிக் கொஞ்சம் தள்ளும். மீதிக்கு, பக்கத்தில் இருக்கிற கெண்டைக்கால் தசை நடக்கும்போது அழுத்திக் கொடுக்க வேண்டும், நெஞ்சு மூச்சு இழுத்துக் கொடுக்க வேண்டும். ஏறினது இறங்கிவிடாமல் வழிநெடுக வால்வுகள் பிடித்துக்கொள்கின்றன.

இந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கும்பகோணத்தின் பெயரையே யானைக்கால் நோயோடு சேர்த்துச் சொன்ன காலம் இருந்தது. சாக்கடையிலும் தேங்கின கழிவுநீரிலும் முட்டையிடுகிற கியூலெக்ஸ் கொசு கடிக்கும்போது உள்ளே வருகிற ஃபைலேரியா புழு, நூல் போல வளர்ந்து நிணநீர்க் குழாய்க்குள்ளேயே பல ஆண்டு குடியிருக்கும். குழாய் விரிந்து பழுதாகும். வால்வு பிடிக்காமல் போகும். நீர் காலிலேயே தங்கிவிடும். அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் நடமாடும் என்பதால், சுகாதாரப் பணியாளர்கள் இருட்டின பிறகு வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1990-களின் பிற்பகுதியிலிருந்து, ஆண்டுக்கொருமுறை டி.இ.சி. மாத்திரை கொடுக்கும் முகாம்கள் நடந்தன. பிறகு அல்பெண்டசோலும் சேர்ந்தது. அந்த ஊழியர்களின் உழைப்பால் புதிதாகப் பரவுவது இன்று வெகுவாகக் குறைந்திருக்கிறது. இந்தப் பீடத்திலிருந்து அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

ஆனால் மாத்திரை புழுவைத்தான் ஒழிக்கும், ஏற்கெனவே யானைக்காலாகிவிட்ட காலைப் பழையபடி ஆக்காது. அந்தக் காலோடு நம் பங்கிலே மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களை வாட்டுவது வீக்கத்தின் பாரம் ஒன்றே அல்ல. திடீரென்று குளிர்காய்ச்சல் வரும், கால் சிவந்து கொதிக்கும், தொடையிடுக்கில் நெறி கட்டும், நாலைந்து நாள் எழுந்திருக்க முடியாது. ஒவ்வொரு முறையும் கால் இன்னும் கொஞ்சம் தடித்துவிடும். இந்தக் காய்ச்சல் புழுவால் வருகிறது என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரில் ஜெருசா டிரேயர் என்ற பெண் மருத்துவர் நோயாளிகளை உட்காரவைத்துப் பொறுமையாகப் பார்த்தார். பெரும்பாலும் விரலிடுக்கில் வெடிப்போ புண்ணோ இருந்தது. நாம் சேற்றுப்புண் என்கிறோமே, அதைப் போன்றதுதான். சாதாரணப் பாக்டீரியா அந்த வழியாக உள்ளே போகிறது. வடிகால் பழுதான காலில் அதை எதிர்க்க ஆள் வந்து சேர முடிவதில்லை. அவர் சொல்லிக்கொடுத்த சிகிச்சை என்ன தெரியுமா? நாள்தோறும் சோப்புப் போட்டுக் கால் கழுவுவது. விரலிடுக்கு வரைக்கும் கழுவுவது. ஈரம் ஒற்றி எடுப்பது. புண்ணுக்கு மருந்து தடவுவது. காலைத் தூக்கி வைப்பது, கணுக்காலை அசைப்பது. நோயாளிகளே ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற நம்பிக்கைச் சங்கங்களை அங்கே தொடங்கினார்கள். கழுவத் தொடங்கியவர்களுக்குக் காய்ச்சல் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் தன் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் இந்தப் பராமரிப்பைச் சேர்த்துக்கொண்டது.

விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. வாளி, தண்ணீர், துண்டு. மாடியறையில் ஆண்டவர் எடுத்துக்கொண்டவையும் ஏறத்தாழ இவைதான்.

இப்போது பேதுருவைப் பார்ப்போம். என் காலைக் கழுவவே விடமாட்டேன் என்று அவர் மறுத்தாரே, அதை மரியாதை என்று விளக்கம் சொல்வோம். அதில் வெட்கமும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகிற வீடுகளில் இந்த வெட்கத்தை நான் பார்க்கிறேன். சாமியார் வருகிறார் என்றதும் காலின்மேல் போர்வையை இழுத்துவிடுகிறார்கள். புடவையைத் தரையில் புரளவிட்டு மறைக்கிறார்கள். கிட்ட வராதீங்க சாமி, வாடை அடிக்கும் என்கிறார்கள். கோயிலுக்கு வருவதை நிறுத்தியவர்கள் உண்டு. வந்தாலும் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பவர்கள் உண்டு. பேதுருவின் மறுப்புக்கு ஆண்டவர் சொன்ன பதில் கடுமையானது: கழுவ விடாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்ற பொருளில் சொன்னார். உடனே பேதுரு கையையும் தலையையும் சேர்த்து நீட்டினார். அதற்கு ஆண்டவர் ஒத்துக்கொள்ளவில்லை. குளித்தவனுக்குக் காலைக் கழுவினால் போதும் என்றார். எந்த இடத்துக்குக் கை தேவைப்படுகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறைத்துக்கொண்டிருக்கிற என் சகோதர சகோதரிகளே, பேதுரு கடைசியில் காலை நீட்டினார். நீங்களும் நீட்டுங்கள். உங்கள் காலைத் தொடுகிறவருக்கு யானைக்கால் நோய் ஒட்டாது. இதை உங்கள் வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொல்கிறேன்.

தொழுநோயைப் பற்றியும் சொல்லாமல் இந்த இரவைக் கடக்க முடியாது. மொலக்காய் தீவில் தொழுநோயாளிகளோடு வாழ 1873-ல் போய் இறங்கினார் புனித தமியான். பதினோரு ஆண்டு கழித்து ஒரு மாலையில், களைத்துப்போய்ச் சுடுதண்ணீரில் காலை வைத்தார். தோல் வெந்து கொப்பளித்தது, வலிக்கவில்லை. தனக்கும் நோய் வந்திருப்பதை அந்த வலியின்மையே அவருக்கு உறுதிப்படுத்தியது. 1889-ஆம் ஆண்டு புனித வாரத் திங்கட்கிழமை இறந்தார்.

வலிக்காமல் போவதுதான் அந்த நோயின் பெருங்கேடு என்று நிறுவியவர் நம் மாநிலத்தில் வேலை செய்தவர். கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-ல் அங்கேயே பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல் அழுகி உதிர்கிறது என்றே மருத்துவர்களும் எண்ணியிருந்த காலம். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. நோயாளியான ஒரு சிறுவன் வந்து சாவியைத் திருப்பித் திறந்துவிட்டான். பிறகு பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. நாம் வலித்ததும் விட்டுவிடுவோம். அவனுக்கு விடச் சொல்ல வலி இல்லை. விரல்கள் தேய்ந்து போனது அப்படித்தான்: சூட்டில், கூரில், கல்லில், நாள்தோறும் தெரியாமல் பட்ட காயங்களில். மடங்கிப்போன கைகளுக்கு அவர் தசைநாணை மாற்றிப் பொருத்தி அசைவு கொடுத்தார். உணர்ச்சியற்ற பாதங்களுக்கென்று மெத்தென்ற ரப்பர் செருப்புகளைச் செய்வதிலும் அவரும் அவர் தோழர்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள்.

இன்று தொழுநோய்க்கு ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே இலவசமாக மாத்திரை கிடைக்கிறது. 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். தொட்டால் உணர்ச்சி இல்லாத வெளிறிய படை இருந்தால் மறைக்காமல் போய்க் காட்டுங்கள். ஆனால் வலி தெரியாத பாதம் இன்று இன்னொரு வகையில் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. சர்க்கரை நோய் முற்றியவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைகிறது. செருப்பில் கல் கிடந்தாலும் தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது. அந்தப் பாதத்தை ஒவ்வொரு மாலையும் யாராவது திருப்பிப் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குக் குனிய முடியாது, கண்ணும் சரியாகத் தெரியாது. மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோதான் பார்க்க வேண்டும். பிள்ளைகளே, தாத்தா பாட்டியின் உள்ளங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

இன்று நாம் செய்யப்போகிற பாதம் கழுவும் சடங்கின் விதியை 2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ் மாற்றினார். அதற்கு முன் ஆண்கள் மட்டும். இப்போது பெண்களும், இளையோரும் முதியோரும், நலமாய் இருப்பவர்களும் நோயாளிகளும் இந்த நாற்காலிகளில் உட்காரலாம். நம் பங்கில் பெண்கள் வந்துவிட்டார்கள். நோயாளிகள் இன்னும் வரவில்லை. அடுத்த ஆண்டு வரும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்து வருகிற செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்குப் பங்கு மன்றத்துக்கு, செவிலியராகப் பணிபுரிகிற அருள்சகோதரி ஒருவர் வருகிறார். காலை எப்படிக் கழுவுவது, மேலிருந்து கீழாக எப்படித் தேய்ப்பது, விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் எப்படி ஒற்றுவது, நகத்தை ஓரம் குடையாமல் நேராக எப்படி வெட்டுவது, இரவில் காலுக்கு எவ்வளவு உயரம் கொடுப்பது எல்லாம் செய்துகாட்டுவார். ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் இரண்டு பேராவது வாருங்கள். வாளி, சோப்பு, மெல்லிய பருத்தித் துண்டு கொண்டுவாருங்கள். பெண்களுக்குத் தனி அறை உண்டு. நடக்க முடியாதவர்களை அழைத்துவர ஆட்டோ ஏற்பாடு செய்திருக்கிறோம்; பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள், நற்கருணை இடமாற்றம் முடிந்த பிறகு சக்ரீஸ்தில் என்னை வந்து பாருங்கள். கூட்டத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால், வீட்டில் யாரிடமாவது சொல்லியனுப்புங்கள். நானே வருகிறேன்.